வீட்டுக் கல்யாணத்தை நாமே வீடியோ எடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சொந்தத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானதும் யாராவது ஒரு மாமாவோ மைனியோ கேட்டுவிடுவார்கள்: "நீதான் நல்லா படம் பிடிப்பியே மக்கா, வீடியோவையும் பாத்துக்கிடேன்." அப்படிக் கேட்கப்பட்டு, சரி என்று தலையாட்டியவர்களுக்கு இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை, சொந்தக்காரர், கூட்டுக்காரர் வீட்டுக் கல்யாணங்களைப் பல வருடமாக எடுத்து வருகிறேன். என்னோடு கூட வந்து பழகிய பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்றும் பார்த்திருக்கிறேன்.

தடுமாற்றம் பெரும்பாலும் வரிசையில்தான். எல்லோரும் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு நடமாடுவதில் தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை நேர் எதிர். முதலில் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிற ஒரு கேமரா, அடுத்து ஒலி, இரண்டும் சரியான பிறகுதான் கையில் பிடித்து எடுப்பது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த வரிசையைக் காப்பாற்றத்தான்.

## 1. ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை

காசு கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்களா, அல்லது நீங்கள் மட்டும்தானா? இது முதல் கேள்வி. வேறு ஆள் இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். தாலி கட்டும் இடத்தில் முன்வரிசைக்கு நீங்கள் போட்டி போடக் கூடாது. அவர்கள் எடுக்காததை எடுப்பதுதான் அப்போது உங்கள் வேலை: ஆக்குப்புரை (சமையல் நடக்கும் கொட்டகை), பந்தி, வாசலில் நின்று பேசும் பெரியவர்கள், விளையாடும் பிள்ளைகள். கல்யாணத்தன்று காலையிலேயே அவர்களிடம் போய், "அண்ணே, நான் வீட்டு ஆள், நீங்க நிக்கற இடத்துக்குக் குறுக்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் அவர்களே உங்களுக்கு இடம் விட்டுத் தருவார்கள்.

நீங்கள் மட்டும்தான் என்றால், இன்னொருவரை உதவிக்குக் கேளுங்கள். அவருக்குப் படம் எடுக்கத் தெரிய வேண்டாம். ஸ்டாண்டில் இருக்கும் கேமராவின் பக்கத்தில் நின்று, சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனோ பெண்ணோ இதை அருமையாகச் செய்வார்கள்.

இரண்டாவது கேள்வி: அவர்களுக்கு வேண்டியது முழு நிகழ்ச்சியா, ஐந்து நிமிடப் படமா? வீட்டுப் பெரியவர்கள் முழுசாகப் பார்க்க ஆசைப்படுவார்கள், மணமக்கள் சின்னதாகக் கேட்பார்கள். ஸ்டாண்டு கேமரா முழுசுக்கு, கைக் கேமரா சின்னதுக்கு என்று மனதில் பிரித்துக்கொண்டால் இரண்டையும் கொடுக்கலாம்.

## 2. ஒரு வாரம் முன்: சடங்கு வரிசையை எழுதி வாங்குங்கள்

நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் நாலு விதமாகக் கல்யாணம் நடக்கும். மண்டபத்தில் ஒன்று, கோயிலில் ஒன்று, சர்ச்சில் ஒன்று, பள்ளிவாசலில் ஒன்று. ஒரே சாமியைக் கும்பிடுகிற இரண்டு வீட்டிலும் முறை மாறும். ஒரு வீட்டில் தாலி கட்டிய பிறகு மாலை மாற்றுவார்கள், இன்னொரு வீட்டில் முன்னாலேயே மாற்றிவிடுவார்கள். போன கல்யாணத்தில் பார்த்ததை நம்பிப் போகாதீர்கள்.

வீட்டில் யாருக்கு முறை தெரியுமோ அவரிடம் (பெரும்பாலும் ஓர் ஆச்சியாக இருப்பார்) உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். மாப்பிள்ளையை வாசலில் யார் எதிர்கொள்வார்கள்? பெண்ணை மேடைக்கு யார் கூட்டி வருவார்கள், எந்தப் பக்கமாக? மேடையில் பெண் உட்காருவது வலப்பக்கமா, இடப்பக்கமா? மூன்றாவது முடிச்சைப் போடுவது யார்? இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால் கேமராவை எங்கே வைப்பது என்பது பாதி முடிவாகிவிடும்.

சர்ச் கல்யாணம் என்றால் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து முடிந்ததுமே போதகரையோ பங்குத்தந்தையையோ போய்ப் பாருங்கள். அவரிடம் கேட்க வேண்டியவை: எதுவரை நடந்து வரலாம், எந்த நேரத்தில் அசையாமல் நிற்க வேண்டும், விளக்குப் போடலாமா. கோயில் கல்யாணம் என்றால் உள்ளே வீடியோ எடுக்க அனுமதி உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பல கோயில்களில் வெளிப் பிரகாரத்தில் எடுக்கலாம், உள்ளே கூடாது. நிக்காஹ் என்றால் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் நீங்கள் போகலாமா, அங்கே எடுக்க வீட்டுப் பெண் யாராவது இருக்கிறாரா என்று முன்பே பேசி வையுங்கள். அங்கே முக்கியக் காட்சி மாப்பிள்ளையும் பெண்ணின் பொறுப்பாளரும் கைபிடிக்கும் இடம். தாலிக்கு நிற்பதுபோல் நின்றால் அது தவறிப்போகும்.

இன்னொரு தாளில் ஆட்களின் பட்டியல். இரண்டு பக்கத்துப் பாட்டா, பாட்டி, நடக்க முடியாத அத்தை, வளைகுடாவில் இருந்து இதற்கென்றே லீவு போட்டு வந்த அண்ணன். பத்துப் பதினைந்து பேர் போதும். இவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது படத்தில் வந்துவிட்டார்களா என்று மதியம் சாப்பாட்டுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவைக் கையில் வாங்கியதும் வீட்டார் முதலில் தேடுவது இந்த முகங்களைத்தான்.

## 3. இடத்தைப் போய்ப் பாருங்கள்

கல்யாணம் எத்தனை மணிக்கோ அதே நேரத்துக்குப் போங்கள். காலை 10 மணிக்கு மண்டபத்தின் பின் ஜன்னல் வழியாக வெயில் அடிக்குமா என்பது மாலையில் போய்ப் பார்த்தால் தெரியாது. மணமேடைக்குப் பின்னால் ஜன்னலோ, எல்இடி திரையோ இருந்தால் முகங்கள் கறுத்துப் போகும். அப்படியிருந்தால் கேமராவைப் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும்.

பிளக் பாயிண்டு எங்கே, எது வேலை செய்கிறது என்று பாருங்கள். சீரியல் விளக்குக்காரர் இழுத்திருக்கும் ஒயரில் உங்கள் சார்ஜரைச் செருகாதீர்கள். அவர் ஒரு லைனை அணைத்தால் உங்களுடையதும் அணையும். கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது சில விநாடி எல்லாம் இருளும். அதனால் கேமரா எப்போதும் பேட்டரியில் ஓடட்டும், கரண்டு சார்ஜ் போட மட்டும். சர்ச்சில் இதையெல்லாம் அங்கே பராமரிப்பு பார்க்கும் கோயில் பிள்ளையிடம் கேளுங்கள். சாவியும் சுவிட்சும் அவர் கையில்தான்.

## 4. என்னென்ன வேண்டும்

பெரிய கேமரா வேண்டியதில்லை. இரண்டு நல்ல போன் போதும். ஒரு போன், ஒரு மிரர்லெஸ் கேமரா என்றால் இன்னும் நல்லது. அதைவிட அவசியமானவை இவை:

- ஆள் உயரத்துக்கும் மேலே போகிற ஒரு டிரைபாட். எல்லோரும் எழுந்து நின்றாலும் தலைகளுக்கு மேலிருந்து படம் கிடைக்க வேண்டும். இடுப்பளவு ஸ்டாண்டு இங்கே உதவாது.
- காலர் மைக் ஒரு ஜோடி, அல்லது ஒலிப்பதிவுக்கென்று ஒரு பழைய போன்.
- கேமராவுக்கு மூன்று பேட்டரி. வீடியோ எடுக்கும்போது ஒரு பேட்டரி ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. போனுக்குப் பவர் பேங்க்.
- கார்டுகள். 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஒரு முழு ஆராதனைக்கே அது இழுபறி. வி30 என்று அச்சடித்த கார்டாக வாங்குங்கள், விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். வேகம் குறைந்த கார்டில் பதிவு தானாக நின்றுபோகும்.
- மெல்லிய பருத்தித் துணி, இரண்டு பெரிய பிளாஸ்டிக் கவர், ஒரு கறுப்பு டேப், இடுப்பில் கட்டும் சின்னப் பை.

இடுப்புப் பைக்குக் காரணம் உண்டு. சுசீந்திரம் போன்ற கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அந்த நேரத்தில் பேட்டரியும் கார்டும் வைக்கச் சட்டைப் பை இருக்காது.

ஆடாமல் எடுக்க உதவும் கிம்பலை முதல் கல்யாணத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. கிம்பல் கையில் இருந்தால் நடக்கத்தான் தோன்றும். என்னோடு வந்த ஒரு தம்பி ஒரு கல்யாணம் முழுக்க மணமக்களைச் சுற்றிச் சுற்றி எடுத்தான். ஒரு முகத்தையும் ஐந்து விநாடி நிறுத்திப் பார்க்க முடியவில்லை.

## 5. செட்டிங்கை வீட்டிலேயே பூட்டுங்கள்

மண்டபத்தில் போய் மெனுவைத் தேடக் கூடாது. முந்தின நாளே இதை முடியுங்கள்.

விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் இதோடு ஒத்துப் போகாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடும். இதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. போன்கள் பெரும்பாலும் 30 ஃபிரேமில் வருகின்றன. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்ட் வீடியோ என்று போனால் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' என்ற சுவிட்ச் உண்டு. அதைப் போட்டால் 25 ஃபிரேம் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் 25 இல்லையென்றால் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள், அதுவும் போதும். சீரியல் விளக்கும் எல்இடி திரையும் தங்கள் இஷ்டத்துக்குத் துடிக்கும். அங்கே போய் 1/50, 1/100 இரண்டையும் போட்டுப் பார்த்து, எதில் கோடு குறைகிறதோ அதில் நிறுத்துங்கள்.

வெளிச்ச அளவையும் (எக்ஸ்போஷர்) வெண்மையையும் (வொயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாதீர்கள். பட்டுப்புடவை கேமரா முன்னால் நகரும்போதெல்லாம் படம் கறுத்து வெளுத்து மாறும். மஞ்சள் போகஸ் விளக்கும் ஜன்னல் வெளிச்சமும் கலந்த இடத்தில் முகம் ஒரு நேரம் நீலம், ஒரு நேரம் மஞ்சள் ஆகும். மேடையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி வெண்மையை அமைத்துப் பூட்டுங்கள். போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் ஸ்டாண்டில் என் போன்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணைக் கூட்டி வரும் நேரத்தில் ஒரு அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது. நான் மேடையின் மறுபக்கம் நின்றதால் பார்க்கவில்லை. பெண் நடந்து வந்ததும் உட்கார்ந்ததும் இல்லாமலேயே அந்த வீடியோ இன்றுவரை இருக்கிறது. அன்றிலிருந்து இந்த ஒரு சுவிட்சை நான் இரண்டு தடவை பார்க்கிறேன்.

சில பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் தாமாக நின்றுவிடும். உங்களுடையது அப்படியா என்று வீட்டில் ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பாருங்கள். அப்படியென்றால், 25 நிமிடத்துக்கு ஒரு தடவை முக்கியமில்லாத இடம் பார்த்து நிறுத்தித் திரும்பப் போடுவது உதவிக்கு நிற்பவரின் வேலை.

## 6. ஒலி: பாதி வீடியோ இதுதான்

படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஒலி கரகரத்தால் அணைத்துவிடுவார்கள். இருந்தாலும் புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேமராவில் உள்ள மைக்கையே நம்பி வருகிறார்கள். இருபது அடி தள்ளி நிற்கும் கேமராவுக்கு, "சம்மதிக்கிறேன்" என்று மணப்பெண் மெல்லச் சொல்வது கேட்காது. பக்கத்தில் குழந்தைக்குப் பிஸ்கட் கவர் பிரிக்கும் சத்தம்தான் கேட்கும்.

சர்ச்சில் வழி எளிது. போதகர் பேசுவதும் மணமக்கள் உறுதிமொழி சொல்வதும் மைக் வழியாக மிக்ஸருக்குப் போகும். மைக் செட்காரரிடம் முந்தின நாளே பேசி, 'ரெக் அவுட்' துளையில் இருந்து உங்கள் ரெக்கார்டருக்கு ஒரு ஒயர் கேளுங்கள். மிக்ஸரில் இருந்து வரும் சிக்னல் வலுவானது. அதை மைக் துளையில் அப்படியே செருகினால் ஒலி உடையும். ரெக்கார்டரில் 'லைன்' என்று மாற்றிவிட்டுச் செருக வேண்டும். ஒயர் கிடைக்கவில்லையா? பழைய போனில் ஒலிப்பதிவைப் போட்டு, ஸ்பீக்கர் பாக்ஸில் இருந்து நாலைந்து அடி தள்ளி டேப்பால் ஒட்டிவிடுங்கள். அதுவே கேமரா மைக்கைவிட நன்றாக இருக்கும்.

இந்துக் கல்யாணத்தில் சிக்கல் வேறு. மந்திரம் மெல்லக் கேட்கும், அடுத்த நொடி கெட்டிமேளம் இடிக்கும். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து உச்சத்தில் போகும்போது, மந்திரத்துக்கு வைத்த அளவில் பதிவானால் எல்லாம் உடைந்து ஒரே இரைச்சலாகிவிடும். உடைந்த ஒலியை மீட்க வழி இல்லை. அதனால் இரண்டு பதிவு வையுங்கள். ஐயர் அல்லது போற்றி பக்கத்தில் ஒரு மைக், மந்திரத்துக்குத் தக்க அளவில். ஸ்டாண்டு கேமராவில் இன்னொன்று, மேளத்துக்குத் தக்கபடி நன்றாகக் குறைத்து. மேளக்காரர் காலையில் சுருதி பார்த்து வாசிக்கும்போதே அளவு பாருங்கள். ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால், கெட்டிமேளத்துக்கு மேலே இடம் மிஞ்சும்.

மாப்பிள்ளைக்குக் காலர் மைக் குத்துவதானால், மாலை போட்ட பிறகு அது பூவில் உரசும். சரசரவென்று அந்த ஒலி முழுக்க வரும். சட்டையின் மேல் பட்டனுக்குப் பக்கத்தில் உள்பக்கமாக வைத்து டேப் ஒட்டுங்கள். சட்டை இல்லாத கோயில் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மைக் வைக்கும் முயற்சியை விட்டுவிட்டு, சடங்கு நடத்துபவரின் பக்கத்தில் உள்ள குத்துவிளக்கின் அடியில் வையுங்கள். எண்ணெய் சிந்தாத பக்கமாக.

எல்லா மைக்கும் கேமராவும் ஓடத் தொடங்கியதும், அவற்றின் முன்னால் ஒரு தடவை கையைத் தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒலியும் படமும் சேர்ந்துவிடும்.

## 7. முந்தின நாள் இரவு

இந்த இரவைத் தவறவிடாதீர்கள். கல்யாண நாளைவிட இங்கே எடுப்பது எளிது. யாரும் கேமராவைப் பார்த்து விறைப்பாக நிற்க மாட்டார்கள். காய் வெட்ட உட்கார்ந்திருக்கும் பெண்கள், தேங்காய் துருவும் கைகள், ஆக்குப்புரையில் உருளி அடியில் எரியும் தீ, தோவாளையில் இருந்து வந்து இறங்கும் பூக்கூடை. ஒவ்வொன்றையும் பத்து விநாடி அசையாமல் எடுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். புதியவர்கள் மூன்று விநாடியில் நகர்ந்துவிடுகிறார்கள். எடிட்டிங்கில் அது எதற்கும் உதவாது.

வீட்டுக்குத் திரும்பியதும்: எல்லா பேட்டரியும் சார்ஜில், எல்லா கார்டும் காலி, போனில் இடம் இருக்கிறதா, கார்டின் ஓரத்தில் உள்ள சின்னப் பூட்டு திறந்திருக்கிறதா, லென்ஸ் துடைத்தாயிற்றா.

## 8. கல்யாணக் காலை

மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் ஸ்டாண்டு கேமராவை நிறுத்திவிட்டு, அப்புறம் பெண் வீட்டுக்கோ மணமகள் அறைக்கோ போங்கள். இந்த வரிசை மாறினால், கூட்டம் வந்த பிறகு ஸ்டாண்டுக்கு நல்ல இடம் கிடைக்காது.

அறையில் ஆடை மாற்றும் நேரத்தில் எடுக்கக் கூடாது. எல்லாம் கட்டி முடித்து, பூ வைக்கும் நேரத்தில் கூப்பிடச் சொல்லுங்கள். ஜன்னல் பக்கம் பெண்ணை உட்காரவைத்து அறை விளக்கை அணைத்தால், வேறு விளக்கே தேவைப்படாது. பூ வைக்கும் அம்மாவின் கை, வளையல் போடும் தங்கை, பாட்டி நெற்றியில் விபூதி பூசுவதோ தலையில் கைவைத்து ஜெபிப்பதோ: முகத்தையும் கையையும் மாற்றி மாற்றி எடுங்கள்.

ஏசி அறையில் இருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். நம் ஊர் ஈரக்காற்றில் இது நிச்சயம் நடக்கும். மண்டபத்துக்குப் போகும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே கேமராவைப் பைக்குள் மூடி வெளியே வைத்துவிடுங்கள். மெல்லச் சூடேறினால் ஆவி படியாது.

## 9. தாலி கட்டும் நேரம்

இந்த அரை நிமிடத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஸ்டாண்டு கேமரா மேடைக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. அங்கேதான் போட்டோக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள், அட்சதை போட எல்லோரும் எழுவார்கள். மேடையின் முன்மூலையில், பெண் உட்காரும் பக்கத்தில், உயரத்தில் வையுங்கள். மாப்பிள்ளை பெண்ணின் பக்கம் திரும்பிக் குனிந்து, இரண்டு கையையும் அவள் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோவார். அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் தோளும் முழங்கையும்தான் தெரியும். பெண்ணின் பக்கத்தில் இருந்து பார்த்தால் அவர் முகம், விரல்கள், தாலி, குனிந்த அவள் முகம் எல்லாம் ஒரே சட்டத்தில் வரும்.

சட்டத்தை அகலமாக வையுங்கள். இடுப்புக்கு மேலே இருவரும், பின்னால் நிற்கும் நாத்தனாரும் சேர்ந்து தெரிய வேண்டும். ஜூம் போட்டு முடிச்சை மட்டும் பிடித்தால், யாராவது ஒருவர் அரை அடி நகர்ந்ததும் காட்சி போய்விடும்.

கைக் கேமராவோடு நீங்கள் எங்கே நிற்பது? நான் மேடைக்குக் கீழே, பெண்ணின் பெற்றோரைப் பார்த்தபடி நிற்பேன். தாலியை ஸ்டாண்டு பார்த்துக்கொள்கிறது. தட்டில் தாலி சுற்றி வந்து எல்லோரும் தொட்டுக் கும்பிடும்போதே பதிவைப் போட்டுவிடுவேன். கெட்டிமேளம் கேட்டபிறகு பொத்தானைத் தேடினால் எல்லாம் முடிந்திருக்கும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பா வேட்டி நுனியை வலது கையில் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். குரவை எழுந்தது, மேளம் இடித்தது, பூ பறந்தது. அவர் கை அந்த நுனியை விடவே இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. அந்த இருபது விநாடியைத்தான் அந்த வீட்டில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

தாலி கட்டியதும் கேமராவை நிறுத்தாதீர்கள். அடுத்த ஒரு நிமிடம் மணமக்கள் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

## 10. சர்ச்சில் வேறுபடுவது

இங்கே கூட்டம் குறுக்கே வராது, ஆனால் நீங்கள் நடமாட முடியாது. பீடத்துக்குள் கால் வைக்கவே கூடாது. ஸ்டாண்டு கேமரா நடைபாதையின் பின்னால் நின்றால் முதுகுகள்தான் கிடைக்கும். பாடகர் குழு இருக்கும் பக்கமாக முன்னால் ஒரு மூலை கேட்டு வாங்குங்கள். அங்கிருந்து உறுதிமொழி, தாலி, கையெழுத்து எல்லாம் முகத்தோடு கிடைக்கும்.

பெண் வாசலில் நுழையும்போது பின்னால் வெளி வெளிச்சம் கொட்டும். முன்பே வாசலில் ஒருவரை நிறுத்தி, அவர் முகத்துக்கு வெளிச்சத்தைப் பூட்டிவையுங்கள். ஆனால் உள்ளே வந்து நின்ற பிறகு கணக்கு மாறும். வெளிர்நிறப் புடவை, கறுப்பு கோட்டு இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்கும்போது புடவைக்குத் தக்கபடி வையுங்கள். கறுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாம். வெளுத்துப் போன புடவையின் சரிகையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஜெபத்தின்போது அசையாமல் நில்லுங்கள். உங்கள் கேமராவின் 'பீப்' ஒலியை முன்பே அணைத்திருக்க வேண்டும்.

## 11. பந்தி

சாப்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள். வாய் திறந்த நேரத்தில் தன்னைப் படத்தில் பார்க்க யாருக்கும் பிடிக்காது. இலையை எடுங்கள், பரிமாறும் கையை எடுங்கள். அவியலும் எரிசேரியும் வந்து விழுவது, பருப்பில் நெய் ஊற்றுவது, கடைசியில் அடைப்பிரதமன் இலையில் விழுந்து ஓடாமல் கையால் அணைகட்டி, பப்படத்தை நொறுக்கி, மட்டிப்பழத்தைப் பிசைவது. இந்தக் கடைசிக் காட்சியை இலைக்கு ஓர் அடி உயரத்தில் இருந்து, முழுசாக, வெட்டாமல் ஒரு தடவையாவது எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இதற்காகவே கேட்பார்கள். பிரியாணிப் பந்தி என்றால் பிரியாணிச் செம்பை (அண்டாவை) திறக்கும் நேரம்.

முதல் பந்தியில் எடுங்கள். மூன்றாவது பந்தியில் இலை, மேசை எல்லாம் கலைந்திருக்கும். அப்புறம் நீங்களும் உங்கள் உதவியாளரும் மாறி மாறிச் சாப்பிடுங்கள். பசியோடு நின்றால் கை நடுங்கும்.

## 12. மழையும் காற்றும்

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் மழை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தகரப் பந்தலில் மழை விழுந்தால் கேமரா மைக்கில் வேறெதுவும் கேட்காது. வாய்க்குப் பக்கத்தில் உள்ள காலர் மைக்தான் காப்பாற்றும்.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் காற்றுக் காலத்தில் வெளியே ஒலிப்பதிவு செய்வதானால் மைக்குக்கு ரோம உறை வேண்டும். சாதாரண பஞ்சு உறை அந்தக் காற்றுக்குத் தாங்காது. முட்டம், சொத்தவிளை கடற்கரையில் மணமக்களை எடுத்தால் லென்ஸில் உப்பு படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரமாக்கிய துணியால் ஒற்றி எடுங்கள்.

## 13. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு நேரலை

பதிவு செய்யும் போனில் நேரலை விடாதீர்கள். அதற்குத் தனிப் போன், தனி ஆள். சில வீடியோ அழைப்புச் செயலிகளின் இலவசக் கணக்கில் நேர வரம்பு உண்டு. ஜூமில் 40 நிமிடம். சரியாகத் தாலி நேரத்தில் அறுந்தால் அங்கே இருப்பவர்களின் வருத்தத்தைச் சொல்லி மாளாது. யூடியூபில் போனில் இருந்து நேரலை விட உங்கள் சேனலுக்கு 50 பேராவது சந்தாதாரர் வேண்டும்; முதல் தடவை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே இரண்டு நாள் முன்பே தயார் செய்து, 'அன்லிஸ்டட்' (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பது) என்று வைத்து, லிங்கை வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் மட்டும் போடுங்கள். மண்டபத்தில் எந்த சிம்முக்கு சிக்னல் வருகிறது என்று இடம் பார்க்கப் போன அன்றே சோதியுங்கள்.

## 14. அன்றிரவே செய்ய வேண்டியது

எவ்வளவு களைப்பானாலும் தூங்கும் முன் எல்லா கார்டையும் போனையும் ஒரு கணினிக்கும், இன்னொரு தனி ஹார்டு டிஸ்க்குக்கும் நகல் எடுங்கள். இரண்டிலும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவதாலேயே கோப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வீட்டார் கையில் வீடியோ போய்ச் சேரும் வரை கார்டை அழிக்காதீர்கள். மறுவீட்டுக்கு எடுக்க வேண்டியிருந்தால் புதிய கார்டு போடுங்கள்.

## 15. எடிட்டிங்கும் ஒப்படைப்பதும்

முதலில் முழு நிகழ்ச்சி. ஸ்டாண்டு கேமராவின் படம், அதன் மேல் நல்ல ஒலி, அவ்வளவுதான். இது இரண்டு நாள் வேலை. முதல் வாரத்திலேயே கொடுத்துவிடலாம். சின்னப் படத்தை அப்புறம் நிதானமாகச் செய்யுங்கள். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் ஐந்து நிமிடப் படத்தில் மூன்று மாதம் சிக்கிக்கொள்கிறார்கள், வீட்டார் கையில் எதுவும் போய்ச் சேர்வதில்லை.

சின்னப் படத்துக்குச் சினிமாப் பாட்டு போட்டால் யூடியூபும் பேஸ்புக்கும் ஒலியை அணைக்கவோ படத்தைத் தடுக்கவோ செய்யும். அந்தக் கல்யாணத்திலேயே வாசித்த நாதஸ்வரமும், பாடிய கீர்த்தனையும், எழுந்த குரவையும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றையே அடியில் ஓடவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கேட்டதும் அந்த நாள் அப்படியே திரும்பி வருகிறது என்று வீட்டார் சொல்கிறார்கள்.

வீட்டார் பார்த்துச் சரி சொல்லும் வரை எங்கும் பதிவேற்றாதீர்கள். அழுத முகம், கலைந்த சேலை, பிள்ளைகள் குளிக்கும் காட்சி எதுவாவது தப்பி வந்திருந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள்.

பென் டிரைவில் கொடுக்கும்போது, பாட்டா வீட்டு டிவியில் ஓட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சாதாரண 1080 அளவு, எம்பி4, எச்.264. பழைய டிவிகள் பல எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவை மட்டுமே படிக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆகவே முழு நிகழ்ச்சியை, 'பெண் அழைப்பு', 'தாலி', 'வாழ்த்து', 'பந்தி' என்று தமிழில் பெயர் போட்ட துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று. கொடுக்கப் போகும்போது அவர்கள் டிவியில் நீங்களே செருகி, ஒரு துண்டை ஓட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.